கோழி, குடை, ஏதென்ஸ்

கோழி. கோழியேதான். சிவப்புக் கொண்டை, மஞ்சள் கால், பின்னால் ஒரு வைக்கோல்போர்கூட வரைந்திருக்கிறார்கள், எனக்கென்ன கண் தெரியாதா, பட அட்டை மேசையில் விழுந்த உடனேயே தெரிந்துவிட்டது, தெரிந்த சொல் தொண்டைவரை வந்து அங்கே நிற்கிறது, ரேஷன் கடை வரிசையில் நிற்பதுபோல, முன்னால் யாரோ நகராமல் வழியை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள், யார் என்றுதான் தெரியவில்லை. "கு…" என்கிறேன். எதிரே உட்கார்ந்திருக்கும் ரிஸ்வானா தலையாட்டவில்லை, சிரிக்கவில்லை, உதட்டை மட்டும் குவித்து "கோ…" என்று எடுத்துக்கொடுக்கிறாள். பேச்சுப் பயிற்சி தருகிறவள். முப்பதைத் தாண்டியிருப்பாள், இன்றைக்கு ஜலதோஷம், மூக்கு நுனி சிவந்திருக்கிறது. "கோ… சொல்லுங்க மேடம், கோ…" "குடை" என்கிறேன். குடை இதற்கு முந்தின அட்டை. போன அட்டைக்கு எவ்வளவு கெஞ்சியும் வராத குடை இந்த அட்டைக்கு ஓடி வந்து நிற்கிறது, மழை விட்ட பிறகு. அவள் தாளில் ஏதோ குறித்துக்கொள்கிறாள். பேனா முனை எழுதும் அந்தச் சின்னச் சத்தம் காதில் கிறீச்சிடுகிறது. "பரவால்ல மேடம், மெதுவா. இன்னைக்கு ரிப்போர்ட் எழுதணும், அதனாலதான் எல்லா அட்டையையும் ஒருதடவ பாத்துடலாம்னு." ரிப்போர்ட் கல்லூரிக்குப் போகும். அடுத்த மாதம் என் விடுப்பு முடிகிறது. "மேடம் நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும் சார், கட்டாயப்படுத்தாதீங்க" என்று கல்லூரிச் செயலாளர் என் கணவரிடம் போனில் அக்கறையாகச் சொன்னார், அவ்வளவு அக்கறையான குரலை நான் அவரிடம் அதற்குமுன் கேட்டதேயில்லை, அந்த அக்கறைதான் என் வேலைக்கு ஆபத்து என்று தோன்றியது.

உள்ளே மட்டும் எல்லாம் தடையில்லாமல் ஓடுகிறது, அதுதான் கொடுமை. பெயர் தவமணி, ஊர் திருச்சி, வேலை மகளிர் கல்லூரியில் வரலாற்றுத் துறை, பாடம் பண்டைய கிரேக்கம், இதையெல்லாம் தினமும் விடிந்ததும் ஒருமுறை உள்ளுக்குள் சொல்லிப் பார்க்கிறேன், பல் தேய்ப்பதற்கு முன்னால், ராத்திரியில் எதுவும் திருடு போகவில்லையே என்று வீட்டைச் சுற்றிப் பார்ப்பதுபோல. போகவில்லை. எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறது. கதவுதான் திறக்கவில்லை. இந்த அறையின் ஜன்னலில் ஒரு அடுக்குமாடியின் தண்ணீர்த் தொட்டிக்கும் செல்போன் கோபுரத்துக்கும் நடுவே மலைக்கோட்டை கொஞ்சம் தெரிகிறது, முதல் வகுப்பிலேயே பிள்ளைகளை ஜன்னல்பக்கம் திரும்பச் சொல்லி அதைத்தான் காட்டுவேன், அதோ பாருங்கள், ஊர் நடுவில் பாறை, பாறைமேல் கோயில், சண்டை வந்தால் எல்லோரும் மேலே ஓடிவிடலாம், ஏதென்ஸும் அப்படித்தான் இருந்தது, அக்ரோபோலிஸ் என்றால் மேட்டில் இருக்கும் ஊர், தமிழில் சொன்னால் மேட்டூர், அணை மட்டும் இல்லை. சிரிப்பார்கள். வருஷா வருஷம் அதே இடத்தில் சிரிப்பார்கள். ரிஸ்வானா அடுத்த அட்டையைப் போடுகிறாள். சாவி. சாவிதான். இதையாவது, இதையாவது, என்று நினைக்க நினைக்க நாக்கு கனக்கிறது, நினைக்காமல் இருந்தால் வருமோ என்று மலைக்கோட்டையைப் பார்க்கிறேன், வரவில்லை.

அன்றைக்கும் இப்படித்தான். வகுப்பில் ஒரு வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது, இத்தனை மாதமாக அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். "ஏதென்ஸில் பெண்களுக்கு" என்று ஆரம்பித்தேன். பெண்களுக்கு. அவ்வளவுதான். பெண்களுக்கு என்ன, ஓட்டுரிமை கிடையாது என்று சொல்ல வந்தேனா, சொத்து கிடையாது என்றா, வீட்டின் உள்ளறையில் தறிதான் உலகம் என்றா, இல்லை, அதெல்லாம் அதற்கு முந்தின வாரமே முடிந்துவிட்டது, திருவிழா அன்றைக்கு மட்டும் தெருவில் இறங்கி நடக்க முடியும் என்பதையா, ஏதென்ஸின் காவல் தெய்வமான அம்மனுக்கு அவர்கள் கையால் நெய்த சேலையை, சேலை இல்லை, மேலாடை, ஊர்வலமாகக் கொண்டுபோனதையா. முன்வரிசைப் பெண்கள் நான் கேள்வி கேட்கிறேன் என்று நினைத்து "ஓட்டு இல்ல மேம்" என்று ஒரே குரலில் பதில் சொன்னார்கள். சரி என்று தலையாட்டினேன். ஆட்டும்போது சாக்பீஸ் கீழே விழுந்தது. எடுக்கக் கையை அனுப்பினேன், கை போகவில்லை. என்ன விசித்திரம் என்று தோன்றியதே தவிர பயமே தோன்றவில்லை, பயம் பிறகு வந்தது, ஆம்புலன்ஸில், ஒரு செவிலிப் பெண் "உங்க பேரு என்னம்மா" என்று குனிந்து கேட்டபோது. அந்த நேரத்துப் பயம் இன்னும் போகவில்லை. தலையின் இடதுபக்கம் லேசாக வலித்தாலும், வெயிலில் நின்றதனால் வலித்தாலும்கூட, மறுபடியுமா என்று உடம்பு விறைத்துக்கொள்கிறது. அந்த வாக்கியம் என்னவாக முடிந்திருக்கும் என்று தெரிந்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை கொஞ்ச காலம் இருந்தது. இப்போது இல்லை. எப்படி வேண்டுமானாலும் முடிந்திருக்கும். எல்லா முடிவுமே சரிதான்.

"சாவி, மேடம்" என்று அவளே சொல்லிவிட்டு அட்டையைத் திருப்பி வைக்கிறாள். அவளே சொல்லிவிட்டால் அது எனக்குத் தோல்விக் கணக்கு. துறையிலிருந்து பார்க்க வந்த சிநேகிதி ஒருத்தி, ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொண்டு கடற்கரையில் பேசிப் பழகிப் பெரிய பேச்சாளரான அந்த ஏதென்ஸ்காரரை எனக்கே ஞாபகப்படுத்தினாள், உனக்குத் தெரியாததா தவமணி என்றாள். தெரியும். அவருக்கு நாக்குதான் தடுக்கியது, சொல் இருந்தது. எனக்கு நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது, சாம்பாரில் உப்பு தூக்கல் என்றால்கூடத் தெரிகிறது. இதை அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன், "பர… பர…" என்று வந்தது, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று ராத்திரி எனக்குச் சிரிப்பு வந்தது. கிரேக்கர்கள் தங்கள் பேச்சைப் பேசாதவனை எல்லாம் பர்பர் என்று உளறுகிறவன் என்றார்கள், அதிலிருந்துதான் காட்டுமிராண்டி என்று அர்த்தப்படும் சொல்லே வந்தது, பாரசீக ராஜா எவ்வளவு பெரிய அரண்மனை கட்டினாலும் அவர்களுக்கு அவன் பர்பர்தான், இதைப் பாடம் நடத்தும்போது நான் எப்போதும் கிரேக்கர் பக்கம் நின்றுகொண்டே நடத்தியிருக்கிறேன், எதிர்ப்பக்கம் எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. காய்கறிக்காரர் என்னிடம் பேசாமல் அவரிடம் பேசுகிறார். டாக்டர்கூட அவரிடம்தான் "தூங்குறாங்களா" என்று கேட்கிறார், நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்க.

அவர் என்றால் என் கணவர், சற்குணம், மின்வாரியத்தில் வேலை. வெளி வராந்தாவில் மற்ற நோயாளிகளின் ஆட்களோடு உட்கார்ந்திருக்கிறார். முதல் நாள் ரிஸ்வானா அவரைக் காட்டி "இவங்க பேரு சொல்லுங்க" என்று கேட்டபோது நான் விழித்த விழிப்பைப் பார்த்து அவர் முகம் இருண்டுவிட்டது, உண்மையில் அதில் பாதிக்கு ஸ்ட்ரோக் காரணம் இல்லை, கல்யாணமான நாளிலிருந்து நான் அவர் பெயரை வாயால் சொன்னதே இல்லை, ஏங்க, இங்க பாருங்க, அவ்வளவுதான், மேடையில் பெண்ணுரிமை பேசுவேன், வீட்டில் ஏங்கதான். இதையும் சொல்ல முடியவில்லை. இன்று காலை கிளம்பும்போது அவர் என் அலமாரி முன்னால் நின்றுகொண்டு எதையோ பையில் போட்டுக்கொண்டிருந்தார். என்ன என்று கண்ணால் கேட்டேன். "அந்த கோழி, குடை எல்லாம் எதுக்கு தவம், உனக்கு அதெல்லாம் எப்ப பிடிச்சிருக்கு. உன்னோட சாமான் கொஞ்சம் எடுத்து வச்சிருக்கேன். அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுப் பாப்போம்" என்றார். அவர் ஒரு நாளும் என் அலமாரியைத் தொட்டதில்லை. ஜாக்கிரதையாக, கரண்ட் இருக்கிற கம்பியைத் தொடுவதுபோல ஒவ்வொன்றாக எடுத்தார். அந்தப் பை இப்போது என் நாற்காலிக் காலில் சாய்ந்து கிடக்கிறது, ரிஸ்வானா இன்னும் அதைக் கேட்கவில்லை, நானாகச் சொல்ல வழியில்லை. அவள் தும்முகிறாள். "சாரி மேடம்" என்று கைக்குட்டையைத் தேடிக் குனிந்தவள் பையைப் பார்க்கிறாள். "இது உங்களுதா? சார் ஏதோ சொன்னாரு உள்ள வரும்போது." ஆமாம் என்று தலையாட்டுகிறேன். அவள் கடிகாரத்தைப் பார்க்கிறாள், தாளைப் பார்க்கிறாள், இன்னும் பாதிக்கட்டு அட்டை மிச்சம். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, பேனாவை மூடி வைக்கிறாள். "சரி, பாப்போம். என்னதான் இருக்கு?"

முதலில் வருவது பீசா கோபுரம். சாய்ந்த கோபுரம், இத்தாலி, எங்கிருந்து எடுத்தார் இதை, பழைய காலண்டர் படம், அடுத்து பிரமிடு, மூன்று பிரமிடும் ஒரு ஒட்டகமும், பழையதாக இருந்தால் எல்லாம் கிரேக்கம்தான் என்று நினைத்திருக்கிறார் மனுஷன், எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது. ரிஸ்வானா மேசைமேல் எல்லாவற்றையும் பரப்புகிறாள். ஏஜியன் கடலின் மடிப்பு வரைபடம், மடித்து மடித்து மடிப்பில் தீவுகள் கிழிந்துபோனது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நானே வார்த்த ஆந்தை நாணயம், உள்ளங்கை அகலம், கடைசி பெஞ்சுக்கும் தெரியட்டும் என்று பெரிதாகச் செய்தது. கறுப்பு உருவங்கள் ஓடும் சின்ன மண்ஜாடி, யாரோ ஏதென்ஸ் போனபோது வாங்கிவந்து கொடுத்தது, அடியில் சுற்றுலாக் கடையின் ஒட்டுத்தாள் இன்னும் இருக்கிறது. அருங்காட்சியகப் படங்கள் ஒரு கட்டு. உடைந்த ஓட்டுச்சில்லுகள், அதில் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் பெயர் கீறி யாரை ஊரைவிட்டு அனுப்பலாம் என்று வாக்களித்து விளையாடுவார்கள், ஒரு வருஷம் என்னையே அனுப்பினார்கள், பத்து வருஷம் திரும்பக் கூடாது என்று தீர்ப்பு. ஓடுகளை ஒவ்வொன்றாக மேசையில் வைக்கும்போது அந்தச் சத்தம், டொக், டொக், நன்றாக இருக்கிறது. "இது என்ன மேடம், ஆந்தையா?" ஆந்தை. ஆந்தைதான், அம்மனின் பறவை, வெள்ளிக்காசு, கடல் முழுக்க ஓடிய காசு. "ஆ…" என்கிறேன். "ஆந்…" அவள் எடுத்துக்கொடுக்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை, இந்த வட்டத்தில் ஆந்தை எதற்கு என்று முகத்தைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அந்தச் சுருக்கத்தைப் பார்த்ததும் எனக்குள் எதுவோ எழுந்து உட்காருகிறது, வகுப்பில் யாராவது ஒருத்தி அப்படிப் பார்த்தால் எழுந்து உட்காருமே அது. "ஆந்தை" என்கிறேன். "காசு." இரண்டு சொல். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள், தாளைத் தேடவில்லை. "காசா? இவ்ளோ பெருசா?" இல்லை இல்லை என்று இடது கையால் கட்டைவிரல் நகத்தைக் காட்டி, அதைவிடக் கொஞ்சம் பெரிது என்று காட்டுகிறேன். "ரோம்" என்கிறேன். சொல்லிவிட்டு உறைந்துபோகிறேன். ரோம்! ஏதென்ஸ் என்று சொல்ல வந்து ரோம் என்றுவிட்டேன், விடைத்தாளில் எத்தனை பேருக்கு இதற்குச் சிவப்பு மையில் சுழித்திருப்பேன். "இல்ல, இல்ல, இல்ல" என்கிறேன், இல்லை மட்டும் எவ்வளவு அழகாக வருகிறது. ரிஸ்வானா சிரித்துவிட்டாள். நானும்.

எழுத்து அட்டையை அவள்தான் எடுத்தாள். கிரேக்க எழுத்துகள் இருபத்துநாலும் வரிசையாக அச்சிட்டது. "அட, இது பிசிக்ஸ்ல வருமே. ஆல்ஃபா, பீட்டா, காமா…" என்று நிறுத்தி அடுத்த எழுத்தை விரலால் தேடுகிறாள், டெல்டா, என்கிறது என் வாய். நான் சொல்லவில்லை, வாய் சொல்லிற்று. டெல்டா, எப்சிலான், ஜீட்டா, ஈட்டா, தீட்டா, முதல் வாரமே பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு ராகத்தில் இதைச் சொல்லவைப்பேன், நாலு நாலாக, மூச்சுவிடும் இடம்கூடத் தெரியும், அயோட்டா, காப்பா, லாம்டா, மியூ, என் காதில் என் குரல் விழுகிறது, மாதக்கணக்காகக் கேட்காத குரல், கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் என்னுடையது, நின்றுவிடுமோ என்று பயந்தால் நின்றுவிடும் என்று பயப்படாமல் மலைக்கோட்டையையே பார்த்துக்கொண்டு, நியூ, க்ஸை, ஒமிக்ரான், பை, "ஒமிக்ரான்!" என்று அவள் நடுவில் கத்துகிறாள், "டெல்டா, ஒமிக்ரான் ரெண்டும் எங்களுக்கு ஆஸ்பத்திரியில கொரோனா காலத்துலயே பழக்கம் மேடம்," கத்தட்டும், நான் நிற்கவில்லை, ரோ, சிக்மா, டௌ, உப்சிலான், ஃபை, கை, ப்ஸை, ஒமேகா. ஒமேகா. மின்விசிறி மட்டும் சுற்றுகிறது. என் முகம் நனைந்திருப்பது பிறகுதான் தெரிகிறது. ரிஸ்வானா கைக்குட்டையை நீட்டப் போய், தன் ஜலதோஷம் ஞாபகம் வந்து, மேசையிலிருந்து டிஷ்யூ உருவிக் கொடுக்கிறாள். "மேடம், உண்மையச் சொல்லிடறேன்" என்கிறாள் மெல்ல. "ஞாயிறு, திங்கள்னு கிழமை சொல்றது, ஒண்ணு ரெண்டு எண்றது, இதெல்லாம் தானா வந்துடும். மனப்பாடமா இருக்கறது வேற இடத்துலேர்ந்து வரும். இப்ப சொல்லுங்க, லாம்டாவுக்கு அடுத்து என்ன?" லாம்டாவுக்கு அடுத்து. இப்போதுதான் சொன்னேன். ஒன்றுமே இல்லை, வெறும் சுவர். ஆல்ஃபாவிலிருந்து மறுபடி ஓடி வந்தால்தான் அந்த வீட்டு வாசல் தெரியும். வரவில்லை என்று தலையை ஆட்டுகிறேன். அவள் உடனே, "ஆனா வழி அடைபடல மேடம். சத்தம் வருது, நாக்கு திரும்புது, மூச்சு தாங்குது. இத வச்சிக்கிட்டு நாம வேல பாக்கலாம்" என்கிறாள். பொய் சொல்லாதவள். பெரிதாகச் சந்தோஷப்படுத்தாமல் அளவாகச் சந்தோஷப்படுத்துகிறாள். எனக்கு அவளைப் பிடித்துப்போகிறது.

"எழுதிக் காட்டுங்களேன் இதுல ஒண்ணு" என்று பேனாவை நீட்டுகிறாள். வலது கை மடியில் தூங்குகிறது, அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு இடது கையால் வாங்குகிறேன். எப்சிலான் எழுதுகிறேன், பார்த்தால் திரும்பிக்கொண்டு நிற்கிறது, கண்ணாடியில் தெரிவதுபோல, மூன்று விரலும் இடதுபக்கம் நீட்டிக்கொண்டு. இடது கையில் எழுத ஆரம்பித்ததிலிருந்து இப்படித்தான், என் பெயரையே தலைகீழாகக் கோலம் போட்டதுபோல எழுதி அவரைப் பயமுறுத்தியிருக்கிறேன். "திரும்பிருச்சு மேடம்" என்கிறாள் ரிஸ்வானா, குற்றமாக இல்லை, தகவலாக. நான் பேனாவை வைத்துவிட்டுப் படக்கட்டைப் புரட்டுகிறேன், எங்கே, எங்கே, இதையாவது எடுத்து வைத்தாரா, இருக்கிறது. ஒரு பழங்காலக் கல்வெட்டு, கிரேக்க எழுத்து பிறந்த புதிதில் வெட்டியது. அவள் பக்கமாகத் திருப்பி வைத்து விரலால் முதல் வரியைத் தடவுகிறேன், வலமிருந்து இடமாக, வரி முடிந்ததும் கையைத் தூக்காமல் திரும்பி இடமிருந்து வலமாக, மறுபடி திரும்பி, வயலில் ஏர் மாடு திரும்புவதுபோல. "மாடு" என்கிறேன். "உழ… உழ…" அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தவள், "ஓ! போய்ட்டு, அப்படியே திரும்பி வருதா?" என்கிறாள். எப்சிலானைத் தொட்டுக் காட்டுகிறேன். ஒரு வரியில் அது வலதுபக்கம் பார்க்கிறது, அடுத்த வரியில் என்னுடையதைப்போல இடதுபக்கம். அவள் என் தாளையும் படத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள். "அப்ப நீங்க எழுதினது தப்பில்லைங்கறீங்க" என்று கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்கிறாள். நான் தோளைக் குலுக்குகிறேன், ஒரு தோள்தான் குலுங்குகிறது. சந்தோஷமாக இருக்கிறது. இன்றைக்கு ரிப்போர்ட் எப்படிப் போனாலும் போகட்டும், கோழியில் தோற்றவள் கல்வெட்டில் ஜெயித்துவிட்டேன், இது போதும் வீட்டுக்குப் போக, என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் படக்கட்டிலிருந்து கடைசிப் படம் ஒன்றை உருவி எடுக்கிறாள்.

கல்லறைக் கல். ஏதென்ஸ் ஊருக்கு வெளியே, சாலை ஓரத்தில் நட்டு வைத்தது. ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், கால் சிறு பலகைமேல், இன்னொருத்தி அவள் எதிரே நிற்கிறாள், இருவரும் வலது கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அழவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை, எதுவுமே நடக்காததுபோல முகம். இந்தப் படத்தை அவர் எப்படித் தேர்ந்தெடுத்தார், பார்த்து எடுத்தாரா, கைக்கு வந்ததை எடுத்தாரா. இத்தனை மாதத்தில் நான் இதைப் பார்க்கத் துணியவில்லை. ஆஸ்பத்திரியில் முதல் வாரம் கண்ணை மூடினாலே இந்தக் கல்தான் வந்தது, நான் நாற்காலியில், அவர் நின்றுகொண்டு. ரிஸ்வானா இதற்கு எதுவும் முன்னுரை கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சமாதியா?" என்கிறாள். தலையாட்டுகிறேன். "இதுல யாரு மேடம் இறந்தது?" என் வகுப்பில் நான் கேட்கும் கேள்வி. வருஷா வருஷம் கேட்டுவிட்டு, பிள்ளைகள் அடித்துக்கொள்ளட்டும் என்று கைகட்டி நிற்பேன். பதில் தெரியும், எனக்குத் தெரிந்த பதில், படித்தவர்கள் எல்லோரும் சண்டை போட்டுக் கடைசியில் சொல்லும் பதில், ஆனால் அந்தச் சொல்லை இந்த அறையில் எத்தனையோ முறை என் முகமே சொல்லியிருக்கிறது, கோழிக்கும் சாவிக்கும் சீப்புக்கும், அவள் எழுதிக்கொண்டும் இருக்கிறாள், அதை வாயால் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்திருக்கிறேன். "தெரி…" என்கிறேன். அவள் காத்திருக்கிறாள். "தெரி…யாது." அவள் முகம் கொஞ்சம் வாடுகிறது, பரவால்ல மேடம் என்று சொல்ல வாயெடுக்கிறாள், நான் மேசையைத் தட்டுகிறேன். "யாருக்…கும். தெரியாது." அவள் வாய் திறந்தபடி நிற்கிறது. புரிந்துவிட்டது. "யாருக்குமேவா? ஆராய்ச்சி பண்றவங்களுக்கும்?" யாருக்கும். எவ்வளவு கம்பீரமான சொல் அது, தெரியாது, அதைச் சொல்லத்தானே அத்தனை வருஷம் படித்தேன்.

"இருங்க, நான் சொல்றேன்" என்று அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கமே வந்துவிடுகிறாள். "உக்காந்திருக்கறவங்கதான். அவங்கதான் பேஷண்ட். நிக்கிறவங்க பாக்க வந்திருக்காங்க. தினம் பாக்கறேனே நான்." "இல்ல" என்கிறேன். "என்ன இல்ல?" "நிக்…கிறவ. போறா." நின்றால்தான் கிளம்ப முடியும், உட்கார்ந்திருக்கிறவள் வீட்டுக்காரி, இருக்கப்போகிறவள். "நாற்காலி. வீடு. இருக்கா" என்கிறேன், விரலால் பலகையைக் காட்டி, கால் பலகைமேல் அவ்வளவு சௌகரியமாக வைத்திருப்பதைக் காட்டி. "அதெப்படி மேடம்" என்று அவள் குரல் உயர்கிறது, "எங்க வாப்பா போறப்ப நாங்க எல்லாரும் நின்னுட்டுதான் இருந்தோம். அவருதான் படுத்திருந்தாரு. போறவங்க நிக்க மாட்டாங்க, அவங்களுக்கு ஏது தெம்பு?" அவள் கண் ஓரம் பளபளக்கிறது, ஜலதோஷமாகவும் இருக்கலாம். விட்டுக்கொடுத்துவிடலாமா என்று தோன்றுகிறது, பாவம். ஆனால் விட்டுக்கொடுத்தால் அவளை நான் நோயாளியாக்குவதுபோல ஆகிவிடும், எல்லோரும் எனக்கு விட்டுக்கொடுத்ததுபோல. "கை" என்கிறேன். "கைக்கு என்ன?" "யாரு… பிடிச்…" யார் பிடித்திருக்கிறார்கள், யார் பிடிபட்டிருக்கிறார்கள், போகிறவள் பிடி தளர்ந்திருக்கும், இருக்கிறவள் விடமாட்டாள், விரலைப் பாரு. எல்லாவற்றுக்கும் சேர்த்து "விரல்! பாரு!" என்கிறேன், மரியாதைகூட விட்டுப்போய்விட்டது. அவள் கவனிக்கவில்லை. படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிக்கிறாள், இருவரும் தலையோடு தலை முட்டக் குனிகிறோம். கல்லில் அந்த இடம்தான் கொஞ்சம் சிதைந்திருக்கிறது. "உக்காந்தவங்க விரல்தான் மேல இருக்கு. அவங்க விடல பாருங்க!" "இல்ல! கீழ!" "மேல மேடம்!" "கீழ! கட்டை… கட்டைவிரல்!" கட்டைவிரல், எங்கிருந்து வந்தது அது, யார் கூப்பிட்டார்கள், தானாக வந்து முன்னால் நிற்கிறது.

கதவு பட்டென்று திறக்கிறது. என் கணவர். வராந்தாவில் சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறார், கண்ணாடி மூக்கில் இறங்கியிருக்கிறது, கையில் பாதி குடித்த டீ தளும்புகிறது, பின்னால் யாரோ ஒரு அம்மா எட்டிப்பார்க்கிறாள். "என்ன ஆச்சு? தவம்! என்னம்மா ஆச்சு இவளுக்கு?" என்று ரிஸ்வானாவைப் பார்த்துப் பதறுகிறார். எனக்கு எரிச்சலாக வருகிறது. இப்போதுதான் கட்டைவிரல் கிடைத்திருக்கிறது, அவள் அதற்கு என்ன சொல்லப்போகிறாள் என்று தெரியவேண்டும், இந்த நேரத்தில்தானா. "இருங்க!" என்கிறேன் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். "பேசிட்டிருக்கோம்ல!"

அவர் டீயோடு பின்வாங்குகிறார். கதவு மெதுவாக, ரொம்ப மெதுவாக மூடுகிறது. ரிஸ்வானா படத்தைப் பிடித்தபடியே என்னைப் பார்க்கிறாள், எதையோ சொல்லப் போகிறாள், நான் கட்டைவிரலையே காட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி குனிகிறாள். வெளியே அவர் அந்த அம்மாவிடம் சொல்வது கேட்கிறது, குரல் சரியாக இல்லை, தொண்டையைச் செருமிவிட்டு இன்னொரு முறை சொல்கிறார், "இல்லம்மா, ஒண்ணும் இல்ல. கொஞ்சம் லேட்டாகும். உள்ள பேசிட்டிருக்காங்க."